மணமாகாத மருமகன்: ஒரே இரவில் இரண்டு வீடுகளில் பதிவானவர்

1881 ஏப்ரல் 3, ஞாயிற்றுக்கிழமை இரவு. ஜேம்ஸ் டர்னர் என்ற ரயில்வே தொழிலாளி, தேம்ஸ் கரையிலுள்ள உல்விச்சில் தன் தாயின் வீட்டில் இருந்தார். அதே இரவு, சுமார் நூறு கிலோமீட்டர் தள்ளி, டோவர் துறைமுகத்தில் ஒரு விதவை அறை வாடகைக்கு விட்ட வீட்டிலும் இருந்தார். இரண்டுமே பிரிட்டிஷ் அரசின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஏடுகளில் மையால் எழுதப்பட்டு இன்றும் இருக்கின்றன.

இந்த ஜேம்ஸ், என் நண்பருடைய மனைவியின் எள்ளுத்தாத்தா. நண்பரின் மனைவி ஆங்கிலேயப் பெண்மணி. “உங்களுக்குப் பழைய கையெழுத்தெல்லாம் படிக்க வருமே, இதைக் கொஞ்சம் பாருங்களேன்” என்று நண்பர் ஒரு கோப்பை அனுப்பிவைத்தார். அவருடைய மனைவியின் பெரியப்பா, பணி ஓய்வுக்குப் பிறகு பல ஆண்டுகள் உட்கார்ந்து வரைந்த குடும்ப மரம் அதில் இருந்தது. குடும்பத்தினர் உயிரோடு இருக்கிறார்கள் என்பதால் இங்கே பெயர்களை மாற்றியிருக்கிறேன். டர்னர் என்பதும் நான் வைத்த பெயர்தான். ஆனால் காரணமில்லாமல் வைத்த பெயர் அல்ல. அது எதற்கு என்பது பின்னால் தெரியும்.

பெரியப்பாவின் மரத்தில் ஜேம்ஸின் வாழ்க்கை இப்படி இருந்தது: 1847 வாக்கில் உல்விச்சில் பிறப்பு. 1851 கணக்கெடுப்பில் மூன்று வயதுக் குழந்தை. 1861இல் ஆளைக் காணோம், பெற்றோரையும் காணோம். 1871இலும் காணோம். 1881இல் இரண்டு ஜேம்ஸ்கள். 1891இல் மறுபடியும் மாயம். 1901இல் டோவரில் மனைவி மக்களோடு, நாற்பத்தைந்து வயதில் வந்து நிற்கிறார். 1847இல் பிறந்தவருக்கு அப்போது ஐம்பத்து மூன்று ஆகியிருக்க வேண்டுமே என்றால், பெரியப்பா ஓரத்தில் எழுதிவைத்த பதில்: “வயதைக் குறைத்துச் சொல்லியிருக்கிறார்.”

இந்தக் கடைசிக் குறிப்புதான் எனக்கு உறுத்தியது. இரண்டு மூன்று வயது குறைத்துச் சொல்கிறவர்கள் எல்லா ஏட்டிலும் உண்டு. எட்டு வயதை விழுங்கிவிட்டு ஒருவர் நிம்மதியாக இருந்தார் என்றால், அங்கே ஒரு ஆள் அல்ல, இரண்டு ஆட்கள் இருக்கிறார்கள் என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

நாம் படிப்பது யாருடைய எழுத்து?

வழக்குக்குள் போகும் முன் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. இங்கிலாந்தில் அந்தக் காலக் கணக்கெடுப்பு நடந்த விதம் இது: குறிப்பிட்ட ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தைய வாரத்தில் கணக்கெடுப்பாளர் வீடு வீடாகப் படிவம் கொடுத்துவிட்டுப் போவார். ஞாயிறு இரவு வீட்டில் இருப்பவர்களைக் குடும்பத் தலைவர் அதில் எழுத வேண்டும். திங்கட்கிழமை வந்து கணக்கெடுப்பாளர் வாங்கிக்கொள்வார். எழுதத் தெரியாத வீடுகளில் வாசலில் நின்று கேட்டு அவரே நிரப்புவார். பிறகு எல்லாவற்றையும் உட்கார்ந்து ஓர் ஏட்டில் படியெடுப்பார். ஏடு லண்டனுக்குப் போகும். அங்கே எழுத்தர்கள் பென்சிலை வைத்துக்கொண்டு வயதுக்கு ஒரு கோடு, தொழிலுக்கு ஒரு கோடு என்று இழுத்து எண்ணுவார்கள். அந்தக் கோடுகளுக்கு அடியில் 3 எது, 8 எது என்று தெரியாமல் நாம் இன்று கண்ணைக் கசக்கிக்கொள்கிறோம்.

வீட்டில் எழுதிய மூலப் படிவங்களை அழித்துவிட்டார்கள். இங்கிலாந்தில் 1911 கணக்கெடுப்பிலிருந்துதான் குடும்பத்தார் தம் கையால் நிரப்பிய படிவமே நமக்குக் கிடைக்கிறது. அதற்கு முந்தையவை எல்லாம் கணக்கெடுப்பாளரின் படி. இன்று கணினியில் பெயரைத் தட்டித் தேடுகிறோமே, அந்த அகரவரிசை அந்தப் படிக்கும் ஒரு படி. ஆக, ஜேம்ஸைப் பற்றி யாரோ வாசலில் சொன்னதை, ஒருவர் எழுதி, இன்னொருவர் படித்துத் தட்டச்சு செய்ததைத்தான் நாம் பார்க்கிறோம். ஜேம்ஸ் இந்த வரிசையில் எங்குமே இல்லை. இதை மனத்தில் வைத்துக்கொண்டால், “ஜேம்ஸ் ஏன் இரண்டு இடத்தில் இருந்தார்?” என்ற கேள்வி “ஜேம்ஸைப் பற்றி இரண்டு இடத்தில் சொன்னவர்கள் யார்?” என்று மாறுகிறது. இந்த வழக்கில் ஒவ்வொரு முடிச்சும் அவிழ்ந்தது அந்தக் கேள்வியால்தான்.

1851இன் குழந்தை

முதலில் மூன்று வயது ஜேம்ஸ். 1851 மார்ச் 30 ஏட்டில் அவன் இருக்கிறான். தந்தை உல்விச் படைக்கலச் சாலையில் வேலை பார்த்த வண்டித் தச்சர். பீரங்கி வண்டிகளுக்குச் சக்கரம் செய்கிற பிரிவு. தாய், ஒரு அக்கா, ஜேம்ஸ். எல்லாம் சரி.

பெரியப்பா செய்யாமல் விட்டது ஒன்றுதான்: இந்தக் குழந்தை வளர்ந்தானா என்று பார்க்கவில்லை. 1837 ஜூலையிலிருந்து இங்கிலாந்தில் பிறப்பு, இறப்பு, திருமணம் மூன்றும் அரசுப் பதிவில் இருக்கின்றன. அந்தக் காலத்தில் உல்விச் நிகழ்வுகள் கிரீன்விச் பதிவு மாவட்டத்தில் சேரும். இறப்பு வரிசையில் தேடியபோது 1854 இலையுதிர் காலத்தில் ஆறு வயது ஜேம்ஸ் டர்னர் கிடைத்தான். சான்றிதழில் தகப்பனாரின் பெயர், தொழில், தெருவின் பெயர் எல்லாம் அச்சாகப் பொருந்தின. காரணம் வாந்திபேதி, லண்டனை அந்த நோய் வாரிக்கொண்டு போன ஆண்டு அது.

1856 பிப்ரவரியில் அதே பெற்றோருக்கு ஓர் ஆண் குழந்தை. அதற்கும் ஜேம்ஸ் என்றே பெயர் வைத்தார்கள். இறந்த பிள்ளையின் பெயரை அடுத்துப் பிறந்த பிள்ளைக்கு வைப்பது அப்போது அங்கே சர்வ சாதாரணம். இருவரையும் ஒட்டி ஒரே ஆளாக்கியதால்தான் மரத்தில் எட்டு வயது உதைத்தது. 1901இல் நாற்பத்தைந்து வயது என்று சொன்ன மனிதர் வயதைக் குறைக்கவே இல்லை. அவருக்கு நிஜமாகவே நாற்பத்தைந்துதான்.

வயதைப் பற்றிப் பேசும்போது ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தச்சரையே 1841இல் தேடினால் இருபது வயது என்று கிடைக்கிறார். 1851இல் முப்பத்து மூன்று. பத்து ஆண்டில் பதின்மூன்று வயது கூடிவிட்டதா என்று மலைக்க வேண்டாம். 1841இல் மட்டும், பதினைந்துக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொல்லியிருந்தார்கள். இருபத்து மூன்று, இருபது ஆனது. விதியைச் சில கணக்கெடுப்பாளர்கள் பின்பற்றினார்கள், சிலர் பின்பற்றவில்லை.

ஒரு தெருவே இல்லாமல் போனபோது

1861க்கு வருவோம். ஏப்ரல் 7 அன்று ஜேம்ஸுக்கு ஐந்து வயது. தகப்பன், தாய், பிள்ளைகள் என்று ஒரு முழுக் குடும்பம் எங்கும் இல்லை. பெரியப்பா டர்னர் என்ற பெயரை எப்படியெல்லாம் தப்பாக எழுத முடியுமோ அப்படியெல்லாம் எழுதித் தேடியிருக்கிறார். கோப்பில் பதினெட்டு எழுத்துக்கூட்டல்கள் கொண்ட பட்டியல் இருந்தது. அந்த உழைப்பைப் பார்த்து மனம் கனத்தது. ஏனென்றால் தேட வேண்டியது டர்னரை அல்ல, பக்கத்து வீட்டுக்காரரை.

1860இல் ஜேம்ஸுக்கு ஒரு தங்கை, 1862இல் ஒரு தம்பி. இரண்டு பிறப்புச் சான்றிதழிலும் ஒரே தெரு. இடையில் 1861இலும் குடும்பம் அங்கேதான் இருந்திருக்கும். அப்படியானால் அந்தத் தெருவில் வேறு யாராவது 1861இல் கிடைக்கிறார்களா? 1851 ஏட்டிலிருந்து அதே தெருவில் சொந்தக் கடை வைத்திருந்த ரொட்டிக்காரர், மூலையில் மதுக்கடை நடத்தியவர், பள்ளி ஆசிரியை என்று எளிதில் இடம் மாறாத ஏழு பேரை எடுத்துக்கொண்டேன். ஒருவர் கூட 1861இல் இல்லை. தெருப் பெயரால் தேடினேன்; தெருவும் இல்லை. அடுத்த தெருவும் இல்லை.

காணாமல் போனது குடும்பம் அல்ல, ஏடு. 1861 கணக்கெடுப்பில் உல்விச் படைக்கலச் சாலை உட்கோட்டத்தின் ஏடுகள் பிழைக்கவில்லை. லண்டனில் பெல்கிரேவியா பகுதியின் ஏடுகளுக்கும் அந்த ஆண்டில் இதே கதி. லண்டனின் கியூ என்ற பகுதியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ஆர்ஜி 9 என்ற வரிசையில் இருக்க வேண்டியவை அவை. இணையத் தேடல் ஒருபோதும் “இந்த ஏடு இல்லை” என்று சொல்லாது. “முடிவுகள் எதுவும் இல்லை” என்று மட்டும் சொல்லும். நாமோ நம் எழுத்துக்கூட்டலில்தான் குறை என்று நினைத்துக்கொண்டு பத்தொன்பதாவது முறையும் தட்டிப் பார்ப்போம்.

இதனால் 1861 வரியை மரத்தில் வெற்றிடமாக விடவில்லை. தங்கையின் பிறப்புச் சான்றிதழ், தம்பியின் பிறப்புச் சான்றிதழ், இரண்டிலும் உள்ள முகவரி ஆகியவற்றை எழுதி, அந்த உட்கோட்டத்தின் ஏடு இல்லை என்ற குறிப்பையும் சேர்த்தேன். வீட்டுக்காரரை மட்டும் காணோம், அக்கம்பக்கம் எல்லாம் இருக்கிறது என்றால் அது வேறு நோய். அதற்கு வேறு மருந்து. அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க அரை மணி நேரம் போதும். பெரியப்பாவுக்கு அது தெரியாமல் போனதில் மூன்று ஆண்டு கழிந்தது என்று நண்பர் பிறகு சொன்னார்.

இது உல்விச்சுக்கு மட்டும் நேர்ந்த விபத்தும் அல்ல. 1931 இங்கிலாந்து, வேல்ஸ் கணக்கெடுப்பு முழுவதும் 1942 டிசம்பரில் ஹேஸ் என்ற ஊரில் கிடங்கோடு எரிந்து போனது. 1941இல் போர் காரணமாகக் கணக்கெடுப்பே நடக்கவில்லை. அமெரிக்காவின் 1890 கணக்கெடுப்பு 1921 ஜனவரியில் வாஷிங்டனில் தீயில் சிக்கியது. மிஞ்சியதையும் 1930களில் அரசே அழித்துவிட்டது. அயர்லாந்தில் 1821 முதல் 1851 வரையிலான ஏடுகளில் பெரும்பகுதி 1922இல் டப்ளினில் எரிந்தது. அந்த ஆண்டுகளில் முன்னோரைத் தேடுகிறவர் முதலில் கேட்க வேண்டியது ஏடு இருக்கிறதா என்பதைத்தான்.

மருமகன் என்ற சொல்

1871இல் ஜேம்ஸ் கிடைக்காததற்குக் காரணம் எளிது. ஆனால் அதைக் கண்டுபிடித்தது 1881இன் ஒரு வினோதமான வரி.

உல்விச் வீட்டுப் பதிவை அப்படியே சொல்கிறேன். குடும்பத் தலைவர்: பெர்ரி என்ற குடும்பப் பெயருள்ள ஒருவர், அறுபது வயது. மனைவி, ஐம்பத்தேழு. அடுத்த வரியில் ஜேம்ஸ் டர்னர், தலைவருக்கு என்ன உறவு என்ற இடத்தில் மருமகன், திருமண நிலை என்ற இடத்தில் மணமாகாதவர், வயது இருபத்தைந்து, தொழில், ரயில்வே, பிறந்த இடம், கென்ட், உல்விச்.

மணமாகாத மருமகன்! வீட்டில் பெண் பிள்ளை யாரும் இல்லை. பெரியப்பா இதைக் கண்டு, “இவர் யாரோ பெர்ரியின் மகளைக் கட்டிக்கொண்ட வேறு ஜேம்ஸ் டர்னர், திருமண நிலையைத் தவறாக எழுதிவிட்டார்கள்” என்று ஒதுக்கிவைத்திருந்தார். உறவுச் சொல்லை நம்பி, பக்கத்துக் கட்டத்தை நம்பாமல் விட்டார். செய்ய வேண்டியது நேர்மாறு.

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் மருமகனைக் குறிக்கும் அதே சொல், மனைவிக்கு முதல் கணவரால் பிறந்த மகனையும் குறித்தது. சட்டத்தால் வந்த மகன் என்பது அதன் நேர்ப்பொருள். எந்தச் சட்டத்தால் என்பதில்தான் குழப்பம். நாம் இதைக் கேட்டு வியக்க வேண்டியதில்லை. தமிழில் மருமகன் என்றால் மகளின் கணவனா, உடன்பிறந்தவரின் மகனா என்று இன்றும் எதிர்க்கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது அல்லவா?

அப்படியானால் அந்த ஐம்பத்தேழு வயது மனைவி, தச்சரின் விதவையாக இருக்க வேண்டும். பதிவுகளைப் புரட்டினேன். தச்சர் 1866இல் இறந்திருக்கிறார். 1868இல் விதவை டர்னர், மனைவியை இழந்த பெர்ரியை மணந்திருக்கிறார். சான்றிதழில் அவருடைய தகப்பனார் பெயர், முதல் திருமணச் சான்றிதழில் உள்ளதோடு ஒத்துப்போகிறது.

இப்போது 1871 தானாகத் திறந்தது. பெர்ரி என்று தேடினால் முதல் பக்கத்திலேயே வந்து விழுகிறது: பெர்ரி, மனைவி, பிள்ளைகள் மூவர். முதல் வரியில் மட்டும் பெர்ரி என்று முழுதாக எழுதிவிட்டு, கீழே எல்லாருக்கும் நம் பழைய பத்திரங்களில் ௸ போடுவது போல “மேற்படி, மேற்படி” என்று இறக்கிக்கொண்டே போயிருக்கிறார் கணக்கெடுப்பாளர். ஜேம்ஸ், பதினைந்து, மகன், மேற்படி. அகரவரிசையில் ஜேம்ஸ் பெர்ரி ஆகிவிட்டார். அந்தப் பையன் தன்னை பெர்ரி என்று சொல்லிக்கொண்டானா? நிச்சயமாக இல்லை என்று நினைக்கிறேன். மறு கணக்கெடுப்பில் சொந்தப் பெயருக்குத் திரும்பியிருக்கிறானே. வாசலில் பதில் சொன்னவருக்கு எல்லாரும் தம் பிள்ளைகள். கணக்கெடுப்பாளருக்கு மேற்படி போட்டால் கை வலி மிச்சம். மாற்றாந்தந்தையின் வீட்டில் வளர்ந்த எத்தனையோ பிள்ளைகள் இப்படி ஒரு பத்தாண்டு காணாமல் போயிருக்கிறார்கள்.

இரண்டு ஜேம்ஸா, ஒருவரா?

இனி அந்த இரவு. டோவர் பதிவு சொல்வது: விதவையான வீட்டுக்காரி, ஐம்பத்தொன்று, மகள், இருபத்தாறு, தையல் வேலை, சாப்பாட்டோடு தங்கியிருப்பவர் ஜேம்ஸ் டர்னர், மணமாகாதவர், இருபத்தேழு, ஃபயர்மேன், பிறப்பு கென்ட், உல்விச்.

ஃபயர்மேன் என்றதும் தீயணைப்பு வீரர் என்று பெரியப்பாவின் குறிப்பில் இருந்தது. ஏட்டின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், அந்தச் சொல்லின் தலைக்கு மேல் லண்டன் எழுத்தரின் பென்சில், மங்கலாக, “ரயில்” என்று குறித்திருக்கிறது. எந்தத் தொழிலோடு சேர்த்து எண்ணுவது என்று அவருக்கும் சந்தேகம் வந்து, எங்கோ சரிபார்த்து எழுதியிருக்கிறார். அது என்ஜின் உலைக்குக் கரி அள்ளிப் போடுகிறவரின் வேலை. அகரவரிசையில் பென்சில் குறிப்பு ஏறவில்லை. நூறு ஆண்டுகளுக்கு மேல் அந்த ஒரு சொல் யாராவது பெரிதாக்கிப் பார்ப்பார்களா என்று காத்திருந்தது.

ஆக, ரயில்வே, ரயில் ஃபயர்மேன், இருபத்தைந்து, இருபத்தேழு, இருவரும் உல்விச்சில் பிறந்தவர்கள், மணமாகாதவர்கள். ஒரே ஆளாக இருக்கலாம். இருக்கலாம் என்பதை வைத்துக்கொண்டு மரத்தில் எழுத முடியாது. டர்னர் மிகச் சாதாரணமான பெயர். ஜேம்ஸ் அதைவிடச் சாதாரணம்.

கிரீன்விச் மாவட்டத்தில் 1853 முதல் 1857 வரை பிறந்த ஜேம்ஸ் டர்னர்களை வரிசைப்படுத்தினேன். நான்கு பேர். ஒருவர் நம் ஆள். ஒருவர் ஒன்றரை வயதில் இறந்துவிட்டார். இன்னொருவர் ரொட்டி சுடுகிறவர். 1879இல் மணந்து, 1881இல் டெப்ட்ஃபோர்டில் மனைவியோடு இருக்கிறார். நான்காமவர்தான் என்னை இரண்டு வாரம் படுத்தி எடுத்தார். உல்விச் பீரங்கிப் படை வீரர் ஒருவரின் மகன். படை போன ஊருக்கெல்லாம் குடும்பமும் போயிருக்கிறது. 1861க்குப் பிறகு தடயமே இல்லை. டோவர் ஜேம்ஸ் இவராக இருந்தால், நம் ஜேம்ஸ் தாய் வீட்டில் மட்டும் இருந்தார் என்று ஆகும். மொத்தப் புதிரும் புஸ்வாணம் ஆகிவிடும்.

முடிவு கட்டியது 1883 ஜூன் மாதத் திருமணச் சான்றிதழ். டோவர். மணமகன் ஜேம்ஸ் டர்னர், என்ஜின் ஃபயர்மேன். தந்தை, வண்டித் தச்சர், காலமானவர், பெயரும் பொருந்துகிறது. சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவர் 1860இல் பிறந்த அந்தத் தங்கை. மணமகள், வாடகை வீட்டுக்காரியின் மகள், தையல்காரி. கணக்கெடுப்பு ஏடுகளோடு பழகியவர்களுக்கு இந்தக் கதை புதிதல்ல. தங்கியிருந்தவர் அடுத்த ஏட்டில் மாப்பிள்ளை ஆகியிருப்பார்.

ஒரே ஆள்தான். அப்படியானால் இரண்டு பதிவுகளும் எப்படி? 1881 படிவத்தின் விதியில் விடை இருக்கிறது. அந்த இரவு வீட்டில் இல்லாதவர்களை எழுதக் கூடாது; ஆனால் இரவு வேலையிலோ பயணத்திலோ இருந்து திங்கட்கிழமை வீடு திரும்புகிறவர்களை எழுத வேண்டும். தாய் என்ன நினைத்திருப்பார்? பையன் ரயிலில் போயிருக்கிறான், நாளை வந்துவிடுவான். எழுதினார். வீட்டுக்காரி என்ன பார்த்தார்? என்ஜினை டோவரில் விட்டுவிட்டு வந்து, சாப்பிட்டு, மாடியில் படுத்திருக்கிறார். எழுதினார். இருவரும் பொய் சொல்லவில்லை. இருவருமே ஒரு வகையில் அவரைத் தம் வீட்டு ஆளாக எண்ணியிருக்கிறார்கள். இதில் வீட்டுக்காரியின் எண்ணத்துக்கு இரண்டு ஆண்டில் சான்றிதழும் கிடைத்துவிட்டது.

அந்த இருபத்தேழு வயதைப் பற்றியும் எனக்கு ஒரு சந்தேகம். தாய் சொன்ன இருபத்தைந்து சரி. டோவரில் இரண்டைக் கூட்டியது யார்? மகளுக்கு இருபத்தாறு. 1883 சான்றிதழில் மணமகளுக்கு இருபத்தெட்டு, மாப்பிள்ளைக்கு இருபத்தொன்பது. அதாவது, உண்மையில் இருபத்தேழு வயதான ஜேம்ஸ், பெண்ணைவிட ஒரு வயது மூத்தவராகவே இருந்து வந்திருக்கிறார். இதை நிரூபிக்க முடியாது. ஆனால் எழுதாமல் விடவும் மனம் வரவில்லை.

ஒளிந்தவரையும் இருமுறை எண்ணினார்கள்

இரட்டைப் பதிவு என்றால் யாரோ கவனக்குறைவாக இருந்தார்கள் என்று நினைப்பவர்களுக்கு நான் சொல்லும் உதாரணம் எமிலி வைல்டிங் டேவிசன். பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுப் போராடியவர்கள் 1911 கணக்கெடுப்பைப் புறக்கணித்தார்கள். எங்களுக்கு வாக்கு இல்லையென்றால் எங்களை எண்ணவும் வேண்டாம் என்பது அவர்கள் கட்சி. ஏப்ரல் 2 இரவு டேவிசன் நாடாளுமன்றக் கட்டடத்தின் நிலவறைத் தேவாலயத்தில், ஒரு சிறிய சாமான் அறைக்குள் ஒளிந்துகொண்டார். கண்டுபிடித்தார்கள், நாடாளுமன்றக் கணக்கில் எழுதினார்கள். அவர் தங்கியிருந்த வீட்டுக்காரியோ வழக்கம்போலத் தன் படிவத்திலும் எழுதிவிட்டார். எண்ணிக்கையிலிருந்து தப்ப நினைத்தவர் இரண்டு முறை எண்ணப்பட்டார். அவர் சொன்னதை யாரும் கேட்கவில்லை; அவரைப் பற்றிச் சொல்ல இரண்டு பேர் இருந்தார்கள்.

சில சமயம் ஊரே இரட்டையாகும். அமெரிக்காவில் 1870இல் நியூயார்க்கையும் 1880இல் செயின்ட் லூயிஸையும், எண்ணிக்கை குறைந்துவிட்டது என்ற புகாரால் மறுபடி எண்ணினார்கள். இரண்டு முறை எழுதியதும் கிடைக்கிறது. அங்கே ஒரே குடும்பம் சில மாத இடைவெளியில் இரண்டு விதமாகப் பதிவாகியிருப்பதைப் பார்ப்பது தனிச் சுவை. யார் வந்தார், யார் போனார், யாருக்கு வயது கூடியது என்று படித்துக்கொண்டே இருக்கலாம்.

மிச்சமிருந்த ஒரு கோடு

1891க்கு நான் அதிகம் மெனக்கெடவில்லை. குடும்பப் பெயரை விட்டுவிட்டு, டோவர், ஜேம்ஸ், மனைவியின் பெயர், 1885இல் பிறந்த மூத்த மகனின் பெயர் ஆகிய நான்கை மட்டும் கொடுத்துத் தேடினேன். ஒரே விடை: ஜேம்ஸ் ஃபர்னர்.

பக்கத்தைத் திறந்து அந்த எழுத்தைப் பார்த்தேன். ஆங்கிலத்தின் டி என்ற பெரிய எழுத்து; மேற்கோட்டை வளைத்து இழுத்த கை, நடுத்தண்டின் குறுக்கே ஒரு சிறு கொக்கியையும் போட்டுவிட்டது. அந்தக் கொக்கியால் அது எஃப் ஆகிவிட்டது. அதே கணக்கெடுப்பாளர் அதே பக்கத்தில் தாமஸ் என்று எழுதியிருக்கிறார். அங்கேயும் அதே கொக்கி. ஃபாமஸ் என்று ஒரு பெயர் இல்லாததால் படியெடுத்தவர் அதைத் தாமஸ் என்றே சரியாகப் படித்தார். ஃபர்னர் என்று நிஜமாகவே ஒரு குடும்பப் பெயர் இருப்பதுதான் ஜேம்ஸின் துரதிர்ஷ்டம். மாற்றுப் பெயராக டர்னரை நான் தேர்ந்தெடுத்தது இதற்காகத்தான். உண்மைப் பெயரிலும் இதே கொக்கிதான் சிக்கல்.

அந்த ஆண்டு பிறந்த இடம் “லண்டன், உல்விச்” என்று மாறியிருக்கிறது. ஜேம்ஸ் இடம் மாறிப் பிறக்கவில்லை. 1889இல் உல்விச் கென்ட்டிலிருந்து லண்டன் மாவட்டத்துக்குப் போய்விட்டது. கென்ட்டில் பிறந்தவர் என்று வடிகட்டித் தேடியிருந்தால், கொக்கி இல்லாவிட்டாலும் அவர் கிடைத்திருக்க மாட்டார்.

கடைசியாக 1911 ஏப்ரல் 2. முதல் தடவையாக ஜேம்ஸே பேசுகிறார். படிவம் அவர் கையெழுத்தில் இருக்கிறது. சாய்ந்த, கனத்த எழுத்து. அவருடைய டியில் கொக்கி இல்லை. தன் வயது ஐம்பத்தைந்து என்றும் மனைவியின் வயது ஐம்பத்தாறு என்றும் எழுதியிருக்கிறார். மணமாகி இருபத்தேழு ஆண்டு நிறைந்த பிறகு அந்த இரகசியம் வீட்டில் எப்போதோ உடைந்திருக்க வேண்டும். பிறந்த இடம் என்று கேட்ட கட்டத்தில், அரசு என்ன சொன்னால் என்ன என்பது போல, “கென்ட், உல்விச்.”

அந்த ஆண்டு படிவம் மணமான பெண்களிடம், உயிரோடு பிறந்த பிள்ளைகள் எத்தனை, இருப்பவர்கள் எத்தனை, இறந்தவர்கள் எத்தனை என்று கேட்டது. ஏழு, ஐந்து, இரண்டு. எண்கள் போதும், பெயர் கேட்கவில்லை. ஜேம்ஸ் பெயர்களையும் எழுதிவிட்டார், வீட்டில் இருந்த பிள்ளைகளின் வரிசையிலேயே, வயதுக் கட்டத்தை வெறுமையாக விட்டு. கணக்கெடுப்பு அலுவலகத்தில் யாரோ சிவப்பு மையால் அந்த இரண்டு வரிகளையும் அடித்திருக்கிறார்கள். அகரவரிசையில் அந்தப் பெயர்கள் ஏறவில்லை. சிவப்புக் கோட்டுக்கு அடியில் தெளிவாகப் படிக்க முடிகிறது. ஒன்று ஒரு பெண் குழந்தையின் பெயர். மற்றொன்று ஜேம்ஸ்.

நண்பரின் மனைவிக்கு அந்தப் பக்கத்தின் படத்தை அனுப்பினேன். பெரியப்பாவின் மரத்தில் ஜேம்ஸ் என்ற ஒரே கட்டம் இருந்த இடத்தில் இப்போது மூன்று கட்டங்கள் இருக்கின்றன. பீரங்கிப் படை வீரரின் மகனான அந்த நான்காவது ஜேம்ஸ் டர்னர் மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. அவர் யாருடைய எள்ளுத்தாத்தாவோ.